ஆம்பூர் மூக்கும் கிள்ளான் எண்ணெயும்

வியாபார விஷயமாக மலேசியா போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போய்ச் செய்தது என்னவோ பொறாமைப்பட்டதுதான். கோலாலம்பூர் விமான நிலையத்தின் கழிவறைக்குள் நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டது. அந்தத் தரையில் இலை போட்டுப் பிரியாணி சாப்பிடலாம். அங்கே பற்றிய வயிற்றெரிச்சல் திரும்பி ஆம்பூர் வந்து சேரும்வரை அணையவில்லை. வந்த பிறகும் முழுசாக அணைந்தது என்று சொல்ல மாட்டேன்.

ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டி எனக்கு ஒரு சின்ன எண்ணெய்க் கம்பெனி இருக்கிறது. சமையல் எண்ணெய் இல்லை, தோலுக்குப் போடும் எண்ணெய். பதம் செய்த தோல் அப்படியே காய்ந்தால் அப்பளமாக விறைத்துப்போகும். ஷூவாகத் தைத்த பிறகு காலோடு வளைந்துகொடுக்க வேண்டுமானால், டிரம்மில் சுற்றும்போதே அதற்கு எண்ணெய் ஊட்ட வேண்டும். எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பதால் ஆசிட் விட்டுக் கலக்கும்படி பக்குவம் செய்வோம். இதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. நான் பக்குவம் செய்வது மத்தி மீன் எண்ணெய். மேற்குக் கடற்கரையிலிருந்து டேங்கர் லாரியில் வரும்.

சில வருஷம் மத்தி கரைப்பக்கமே வருவதில்லை. கிடைக்கிற எண்ணெயையும் இறால் தீவனக்காரர்களும் மாத்திரைக்காரர்களும் நமக்கு முன்னால் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதையெல்லாம் எப்படியோ சமாளித்துவிட்டேன். பாயைத்தான் சமாளிக்க முடியவில்லை.

பாய் என்றால் தோல் பதம் செய்யும் டேனரியின் முதலாளி. என் எண்ணெயில் பாதிக்கு மேல் வாங்குகிறவர். நான் தொழில் தொடங்கிய நாளிலிருந்து என்னை வாழவைப்பவர். அவர் ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினார்.

“இன்னா தணிகாசலம், உன் எண்ணெய் போட்ட தோல்ல மீன் நாத்தம் ஜாஸ்தியா இருக்குதாம். ஜெர்மனிக்காரன் பேஜார் பண்றாம்பா.”

“நம்ம எண்ணெய்லயா? நீங்களே மோந்து பாருங்க பாய்.”

எங்கள் தொழிலில் மோந்து பார்க்க ஒரு முறை உண்டு. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, இரண்டு கையும் சூடேறும்வரை தேய்த்து, மூக்கை மூடினாற்போல வைத்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். விற்பவன் முதலில், வாங்குகிறவன் பிறகு. பேரமெல்லாம் அதற்கப்புறம்தான். நான் இழுத்தேன். பாயும் இழுத்தார்.

“எனக்கு ஒண்ணும் வர்ல,” என்றார். “உனக்கு?”

“எனக்கும் வர்ல.”

“நம்ம ரெண்டு பேருக்கும் வர்ல. துட்டு குடுக்குறவனுக்கு வருதே! மலேசியாவுல பாம் எண்ணெய்லருந்து செய்றாங்களாம், வாசனையே இல்லியாம். போய்ப் பாத்துட்டு வா. வாசனை போச்சுன்னா எப்பவும் போல உன் சரக்குதான். போகலன்னா நான் வெளிநாட்டு எண்ணெய்க்குப் போய்டுவேன். அப்புறம் கோச்சிக்கக் கூடாது.”

பாய் போய்விட்டால் என் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். ஆனாலும் இந்த வாசனைக் கதையை நான் நம்பவில்லை. விலையைக் குறைக்க ஜெர்மனிக்காரன் கட்டிவிட்ட கதை என்றே நினைத்தேன். அதனால் நம் எண்ணெயையே ஒரு பாட்டிலில் ஊற்றி, குடியாத்தம் லுங்கியில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு, பெட்டியில் சட்டைகளுக்கு நடுவில் படுக்கவைத்தேன். மலேசியாக்காரன் மூக்கில் காட்டி, வாசனை இல்லை என்று அவன் வாயாலேயே சொல்லவைப்பது என் திட்டம்.

கோலாலம்பூரில் இறங்கியதும் பாட்டில் கட்டைப் பிரிக்காமலே தோள்பைக்கு மாற்றிக்கொண்டேன். கை கொஞ்சம் பிசுபிசுத்தது. என் கை பிசுபிசுக்காத நாள் எது?

நான் போக வேண்டிய கம்பெனி கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளூர் ரயிலில் ஏறினேன். நம் ஊரில் குளிர்சாதனப் பெட்டிக்குத் தனிக் கட்டணம். அங்கே எல்லாப் பெட்டியும் குளிர்சாதனம். பாதி வழியில் ரயில் நின்றுவிட்டது. ஏதோ கோளாறு என்று அறிவித்தார்கள். கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. ஆனால் எனக்கு இரண்டு பக்கமும் இருக்கைகள் காலியாகவே இருந்தன. ஒருவரும் உட்கார வரவில்லை. வெளியூர்க்காரன் என்று தெரிந்து மரியாதை கொடுக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோனேன். ஜோலார்பேட்டை பாசஞ்சரில் இதே நேரம் என் மடியில் ஒருவன் உட்கார்ந்திருப்பான்.

எதிரே நின்ற சீனப் பெரியவர் ஒருவர் போனில் எரிச்சலாகப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற தமிழ் மாணவியிடம் என்னவாம் என்று கேட்டேன். அவள் சற்றுத் தயங்கிவிட்டு, “வண்டியில யாரோ மீன் கொண்டாந்திருக்காங்களாம். எப்பதான் வண்டி எடுப்பானோன்னு சொல்றாரு,” என்றாள். யாரோ மீன்காரம்மா கூடையோடு ஏறி மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று பெட்டி முழுக்கத் தேடினேன். யாரும் தென்படவில்லை. எனக்கு வாசனையும் வரவில்லை. எதற்கெடுத்தாலும் மூக்கைச் சுளிக்கிற ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிள்ளானில் டாக்சிக்காரர் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கினார். இயற்கைக் காற்றில் எவ்வளவு பிரியம்! ஓட்டலில் முதலில் ஒரு அறை கொடுத்தார்கள். நான் வரவேற்பறையில் கொஞ்சம் உட்கார்ந்திருந்த பிறகு, தாழ்வாரத்துக் கடைசியில் தனியாக இருந்த பெரிய அறைக்கு மாற்றினார்கள். அதே வாடகைதான். பால்கனியும் இருந்தது. உபசாரம் என்றால் இதுவல்லவா என்று வீட்டுக்குப் போன் செய்து பெருமையடித்தேன்.

மறுநாள் குணா வந்தான். அந்த எண்ணெய்க் கம்பெனியின் உற்பத்தி மேலாளர். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவன் பாட்டனார் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறியவராம். குணா இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

“பசியாறியாச்சாண்ணே?” என்று கேட்டுக்கொண்டே அவனும் தன் காரின், அவன் பேச்சில் ‘காடி’யின், கண்ணாடியை இறக்கினான்.

வாழையிலையில் தேங்காய்ப்பால் சோறும், நெத்திலியும், காரச் சட்னியும் வைத்த நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தான். நடைபாதையில் போட்டிருந்த மேஜையில் உட்காரவைத்தார்கள். சோறு நாக்குக்கு நன்றாக இருந்தது. நம் ஆம்பூர் பிரியாணிக்கு முன்னால் நிற்குமா என்று மனசுக்குள் ஒரு வம்பு இழுத்துப் பார்த்தேன். கத்திரிக்காய்ப் பச்சடி இல்லாததால் நம் ஊருக்கே வெற்றி கொடுத்துக்கொண்டேன். அந்த நாட்டில் நான் ஜெயித்தது அந்த ஒன்றில்தான்.

கம்பெனிச் சாலைக்குள் நுழைந்ததும் என் முகம் சுண்டிவிட்டது. சாலைக்குக் குறுக்கே தலைக்கு மேல் குழாய்கள் போயின.

“இதெல்லாம் எங்க போகுது?”

“எதிர்த்தாப்புல உள்ள கம்பெனியில செம்பனை எண்ணெய, அதான் பாம் எண்ணெய, சுத்தம் பண்றாங்கண்ணே. அங்கேருந்து நேரா எங்க டேங்குக்கு வந்துரும். எங்ககிட்ட மிஞ்சுற கிளிசரின் அந்தாண்ட சோப்பு மருந்து செய்றவங்களுக்குப் போயிரும். செஞ்சு முடிச்ச சரக்கு கப்பலுக்கு.”

குழாய்! என் டேங்கர் மலைப்பாதையில் பஞ்சராகி நிற்கும். டிரைவர் போனை எடுக்க மாட்டான். ஆம்பூரில் கொதிகலனைப் பற்றவைத்துவிட்டு நான் சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இவன் ஒரு வால்வைத் திருகுகிறான், எண்ணெய் வருகிறது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“யார் இப்படி யோசிச்சு வெச்சது?”

“கவர்மெண்டுதான். தோட்டத்து எண்ணெயை அப்படியே கப்பல்ல ஏத்துனா வரி கூட. இங்கயே ஏதாச்சும் பொருளா மாத்தி அனுப்புனா வரி கொறைவு. அப்படி வெச்சா மொதலாளிங்க தன்னால ஃபேக்டரி கட்டுவாங்கதானே? எங்கப்பா காலத்துலேருந்தே இப்படித்தான். அதுக்கு முன்னால இங்கெல்லாம் ரப்பரா இருந்துச்சாம், அத வெட்டித்தான் செம்பனை வெச்சாங்க.”

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நம் நாட்டில் பாம் எண்ணெய் மீதான வரி ஏறுவதும் இறங்குவதும் வாணலியைப் பார்த்துத்தான். பண்டிகைக்கு முன்னால் விலை ஏறினால் வரி இறங்கும். எண்ணெய் வித்து போட்ட விவசாயி சத்தம் போட்டால் ஏறும். இரண்டுமே நியாயம்தான். ஆனால் ஆம்பூரில் ஒருவன் தோலுக்கு எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருக்கிறான் என்பது அந்த யோசனையில் எந்த மூலையிலும் கிடையாது. போதாக்குறைக்கு இப்போது நம் மாநிலத்தில் தோலே இல்லாத ஷூவுக்குச் சலுகை கொடுத்துப் புதுக் கம்பெனிகளைக் கூட்டி வருகிறார்கள். ஊருக்கு வேலை கிடைக்கிறது, வேண்டாம் என்று சொல்லவில்லை. புது மாப்பிள்ளைக்கு விருந்து நடக்கும்போது பந்தியில் இடம் தேடும் பழைய மாப்பிள்ளை போல நாங்கள் நிற்கிறோம், அவ்வளவுதான்.

“உங்களுக்கு இன்னாப்பா குறை!” என்றேன் குணாவிடம். சொன்ன தொனியில் என் பொறாமை அவனுக்குத் தெரிந்திருக்கும்.

“அட நீங்க வேற. டீசல்ல கலக்கணும்னு எண்ணெயில ஒரு பங்கு அங்க போகுது. காட்டை அழிச்சு நட்டியான்னு ஐரோப்பாக்காரன் கேக்குறான். மரமெல்லாம் கெழடாயிருச்சு. நீங்களாவது மொதலாளி. நான் மாசச் சம்பளம்,” என்றான்.

அந்தக் கடைசி வார்த்தையில் எனக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா?

சோதனைக்கூடத்தில் ஐனா என்ற மலாய்ப் பெண் அவர்கள் எண்ணெயைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வந்தாள். தண்ணீர் மாதிரி தெளிவு. கையில் தேய்த்து இழுத்தேன். வாசனையே இல்லை. சரி, நம் முறை வந்தது என்று தோள்பையைத் திறந்து, கவரைப் பிரித்து, லுங்கிக் கட்டை மேஜை மேல் வைத்தேன். ஐனா இரண்டடி பின்னால் போனாள். பிறகு கதவு வழியாக வெளியே போய்விட்டாள்.

லுங்கி சொதசொதவென்று நனைந்திருந்தது. பாட்டிலில் பாதிதான் இருந்தது. மூடி சரியாகத் திருகவில்லை போலிருக்கிறது. விமானத்திலேயே ஒழுக ஆரம்பித்திருக்க வேண்டும். மிச்சமிருப்பது போதும் என்று குணாவின் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, தேய்க்கச் சொல்லி, நானும் தேய்த்தேன்.

“இழு பாக்கலாம். வாசனை வருதா?”

குணா மரியாதை தெரிந்தவன், இழுத்தான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கையைக் கழுவிவிட்டு வந்து தாழ்ந்த குரலில் சொன்னான்.

“அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. ஓட்டல் வாசல்ல உங்களப் பாத்தப்பவே தெரிஞ்சிருச்சு. காடிக்குள்ள இருக்க முடியல. சட்டையெல்லாம் அதே வாசம்தான்.”

கண்ணாடி இறக்கிய டாக்சி, கடைசி அறை, நடைபாதை மேஜை, ரயிலில் காலி இருக்கை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நின்றன. அந்த மீன்காரம்மா நான்தான். அவமானத்தில் காது சுட்டது. ஓட்டலுக்குத் திரும்பியதும் பெட்டியை அவன் எதிரிலேயே திறந்து ஒரு சட்டையை முகத்தில் வைத்து இழுத்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஜெர்மனிக்காரன் பொய் சொல்லவில்லை. பாயும் நானும்தான் மூக்கே இல்லாமல் மூக்குத் தொழில் செய்துகொண்டிருக்கிறோம். அந்தக் கணத்தில் எனக்குக் குழாய் மேலும் வரி மேலும் பொறாமை இல்லை. சட்டென்று பின்வாங்கத் தெரிந்த அந்தப் பெண்ணின் மூக்கு மேல்தான் பொறாமை.

குணா கடைக்குக் கூட்டிப் போய்ப் புதுத் துணி வாங்கவைத்தான். பழையதை மூட்டையாகக் கட்டி ஓட்டல் பால்கனியில் போட்டேன். அடுத்து வந்த நாட்களில் சோதனைக்கூடத்திலேயே கிடந்தோம். நான் கொண்டுபோயிருந்த தோல் துண்டுகளில் அவர்கள் எண்ணெயை மட்டும் ஊட்டிப் பார்த்தால் தோல் விறைப்பாகவே இருந்தது, மடித்தால் கோடு விழுந்தது. மீன் எண்ணெய் கொடுக்கும் மெத்துமெத்து அதற்கு வரவில்லை. அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். இரண்டையும் கலந்தபோது சரியாக வந்தது. மீனைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். தோல் விறைக்கவும் கூடாது, மூக்கில் ஏறவும் கூடாது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாய் என்னை விட்டுப் போக மாட்டார்.

ஒரு காலை நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபோது தேங்காய்ப்பால் மணம் குப்பென்று வந்தது. இத்தனை நாள் அதே கடை, அதே பொட்டலம். என் மேலிருந்த மீன் போன பிறகு அன்றுதான் வந்தது. ஓட்டலுக்கு ஓடிப்போய்ப் பால்கனி மூட்டையை மோந்தேன். குடலைப் புரட்டியது. இதைப் போட்டுக்கொண்டா பெருமையாகப் போன் பேசினேன்!

அன்றைக்கே கம்பெனி வாசலிலும் ஒரு வாசனை பிடித்தது.

“குணா, இங்க பழைய பஜ்ஜி எண்ணெய் வாசனை வருதே?”

“என்ன வாசம்? ஒண்ணும் இல்லியேண்ணே.”

ஐனா விழுந்து விழுந்து சிரித்தாள். மலாயில் ஏதோ சொன்னாள். குணா முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு தமிழில் சொன்னான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த வாடையில் அவளுக்குத் தினமும் தலைவலியாம், இப்போது தெரிவதே இல்லையாம். மலேசியா வந்ததிலிருந்து நான் மனம்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

ஊர் திரும்பும்போது சென்னையிலிருந்து ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். குடியாத்தம் தாண்டியதும் கூடப்பயணித்த ஒரு அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். “ஆம்பூர் வருது, ஜன்னலச் சாத்துங்க சார்,” என்றார். இப்படிச் சொன்னவர்களிடம் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். எங்கள் ஊருக்கே சோறு போடுகிற தொழில், அதில் என்ன உங்களுக்கு மூக்கைப் பொத்த வேண்டியிருக்கிறது என்று கேட்டிருக்கிறேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் நானே சாத்திவிட்டேன். ஈரத்தோலும் சுண்ணாம்பும் மீனும் சேர்ந்த காற்று. பிறந்ததிலிருந்து இதைத்தான் சுவாசித்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியோடு நேராகப் பாயின் டேனரிக்குப் போனேன். ஜெர்மனிக்குப் போக வேண்டிய தோல் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. எல்லாம் என் எண்ணெய் போட்டது. பாய் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“வா வா தணிகாசலம். நல்ல நேரத்துக்கு வந்த. லோடு ஏத்தப் போறோம். நான் மோந்துட்டேன், இவங்களும் மோந்துட்டாங்க, ஒண்ணும் வர்ல. நீ சொல்லு, வாசனை இருக்குதா?”

சுற்றி நின்ற ஆட்களும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு கட்டைத் தூக்கி முகத்தில் வைத்தேன். வைக்கவே வேண்டியிருக்கவில்லை, வாசலிலேயே வந்துவிட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் லோடு போகும், ஆர்டர் தொடரும். அன்றைக்கு ஆம்பூரில் மூக்கு இருந்த ஒரே ஆள் நான்தான் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

“இருக்குது பாய்.”

“எனக்கு வர்லியே!”

“கொஞ்ச நாள் போனா எனக்கும் வராது. இன்னிக்கு வருது. இத அனுப்பாதீங்க.”

பாய் லோடை நிறுத்தச் சொன்னார். என் ஆர்டரில் பாதியை அங்கேயே வெட்டினார். கலப்பு எண்ணெய் விவரத்தைச் சொன்னேன்.

“சரி, அத எடுத்துனு வா. வாசனை போயிருந்தா வெட்டுனதத் தர்றேன். ஆனா போச்சான்னு யார் மோந்து சொல்றது? நீயா?”

அவர் பயந்ததுபோலவே ஆயிற்று. ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, ஒரு காலையில் எழுந்து வாசலுக்கு வந்தேன். காற்று சுத்தமாக இருந்தது. ஊர் நன்றாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கலப்பு எண்ணெய் தயாரானதும், மூடியை இந்த முறை நன்றாகத் திருகி, குணாவுக்குக் கூரியரில் அனுப்பினேன். ஒரு வாரத்தில் போன் செய்தான். “அண்ணே, இன்னும் மீன் இருக்கு.” மீனைக் குறைத்து அடுத்த பாட்டில் அனுப்பினேன். “பரவால்ல, ஆனா இருக்கு.” அவனும் அவர்கள் புதுச் சரக்கில் ஒரு பாட்டில் எனக்கு அனுப்பிவைத்தான், பஜ்ஜி எண்ணெய் வாடை போயிருக்கிறதா என்று கேட்டு. மீனுக்குத்தான் என் மூக்கு செத்திருந்தது, இதற்கு இல்லை. போகவில்லை என்று சொல்வதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இங்கே எழுதக் கூடாது.

போன வாரம் அவன் கூப்பிட்டான். குரலே வேறாக இருந்தது.

“அண்ணே! இந்தத் தடவ வாசமே இல்ல. ஐனாவையும் மோந்து பாக்கச் சொன்னேன். சுத்தமா இல்லண்ணே!”

பாயிடம் ஓடினேன். அவர் ஒரு சொட்டை வாங்கித் தேய்த்து, இழுத்து, பழக்கப்படி “ஒண்ணும் வர்ல” என்றார். மலேசியாவிலும் வரவில்லை என்று கேட்ட பிறகுதான் வெட்டிய ஆர்டரைத் திருப்பிக் கொடுத்தார். கம்பெனி பிழைத்தது.

திரும்பி வந்து முதல் பாட்டிலில் மிச்சமிருந்ததையும் கடைசிப் பாட்டிலில் மிச்சமிருந்ததையும் இரண்டு கையில் தனித்தனியாகத் தேய்த்து மாறி மாறி இழுத்துப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான். நான் காய்ச்சி, நான் குறைத்து, நான் பயந்து செய்த எண்ணெய். அது நல்லதாகிவிட்ட அந்த ஒரு இழுப்பு மட்டும் கடல் தாண்டி குணாவுக்குப் போய்விட்டது. எனக்கு இன்னும் பொறாமையாக இருக்கிறது.